வேலை இல்லாத மோடம்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று முதல் எழுதுகிறேன். நோட்டு, சாயங்கால வகுப்பில் எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் ரெஜினா டீச்சர் கொடுத்தது. எழுபத்திரண்டு வயதில் எழுதத் தொடங்குகிறவருக்குப் பழைய கதை நிறைய இருக்கும், அதையெல்லாம் விடுங்கள், அன்றன்று கண்ணால் கண்டதையும் கையால் தொட்டதையும் மட்டும் எழுதுங்கள் என்றார். சரி.

காலையில் கூரியர்காரர் ஒரு பெட்டி கொண்டுவந்தார். அட்டையில் வீட்டு எண் 18/4 என்று இருந்ததை நானே படித்துச் சொன்னேன். அவருக்கு அவசரம், கேட்கவில்லை. என் மருமகள் சுகந்தி வரவழைத்தது. உள்ளே கறுப்பாக, நான்கு கொம்புகளுடன் இன்னொரு பெட்டி. அதற்கு ரவுட்டர் என்று பேர்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்டி உண்டு. அது மோடம். நெட் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது, வெள்ளை நிறம். தெருக் கம்பத்திலிருந்து வரும் மெல்லிய வயர் அதில்தான் முடிகிறது. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில், என் கட்டிலுக்குக் கைக்கெட்டும் பலகையில் இருக்கிறது. சுகந்தி வேலை பார்ப்பது பின்கட்டு அறையில். வேலை வீட்டிலிருந்தேதான். கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்று. ஆஸ்பத்திரிகளுக்கு வரும் போனை எடுத்து, எந்த டாக்டரை எப்போது பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும். ஜூன் மாதம் சேர்ந்தாள். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்களாம். மோடத்தின் சிக்னல் இரண்டு கருங்கல் சுவரைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போவதில்லை. அதற்குத்தான் ரவுட்டர்.

சாயங்காலம் என் மகன் தாமோதரன் வந்து பார்த்தான்.

"கம்பெனிக்காரன் குடுத்த பெட்டி ஒண்ணு இருக்கறப்ப இதெதுக்குப் புள்ள இன்னொண்ணு?"

"அது ஹாலுக்குக் குடுத்ததுங்க. எனக்குக் குடுக்கலை."

"கதவைத் தொறந்து வெச்சுட்டுப் பேசு, எட்டும்."

"தொறந்து வெச்சனுங்க. உங்க டிவி சத்தத்துல, இது ஆஸ்பத்திரியா சினிமாக் கொட்டாயான்னு ஒரு பெரியம்மா கேக்குது."

நான் அப்போது சிரிக்கவில்லை. எழுதும்போதுதான் சிரிக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நெட் கம்பெனி ஆள் ஜெயபால் வந்தார். மோடத்திலிருந்து சுவரோரமாக ஒரு வயர் இழுத்துப் பின்கட்டில் ரவுட்டருக்குக் கொடுத்தார். பிறகு மோடத்தின் அருகில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஏதோ தட்டினார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இதைப் பிரிட்ஜ் மோடுல போடறனுங்கய்யா. இதுவும் ஒரு ரவுட்டர்தான், அதுவும் ஒரு ரவுட்டர். ரெண்டும் நான்தான் பெரியவன்னு நின்னா சோலி ஓடாது. ஒண்ணு அடங்கிப் போகோணும்."

சுகந்தி உள்ளேயிருந்து, "இந்த ஊட்டுல அது புதுசில்லீங்க" என்றாள்.

"அப்ப இந்த வெள்ளைப் பெட்டிக்கு என்ன வேலை?" என்று நான் கேட்டேன்.

"வேலையே இல்லீங்க. எல்லாத்தையும் அது பாத்துக்கும். இது ரிட்டயர்டு. சும்மா ஒரு பாலம் மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

"தொட்டா சுடுதே."

"கொஞ்சம் சுடும். ரொம்பச் சூடேறுனா ஒருக்கா ஆஃப் பண்ணிப் போடுங்க."

போகும்போது சுகந்தியிடம், சொந்த ரவுட்டர் வைத்துக்கொண்டால் பின்னால் எது வந்தாலும் கம்பெனி பொறுப்பாகாது என்று சொல்லி, ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

ரிட்டயர்டு என்று கேட்டதிலிருந்து அந்த மோடத்தின் மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. தூசு துடைத்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

யோசித்துப் பார்த்தேன். இது எனக்குத் தெரிந்த வேலை.

நான் முப்பத்தெட்டு வருடம் சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்தவன். சர்டிபிகேட் வேறொருவர் பேரில், வேலை என் கையில். அங்கே இரண்டு பாய்லர். ஒன்று ஓடும், மற்றது சும்மா இருக்கும். ஓடுகிற பாய்லரைக்கூட விட்டுவிடலாம், சும்மா இருக்கிற பாய்லரை விடக் கூடாது. வேலை இல்லாமல் சூடாக இருப்பதுதான் ஆபத்து. அதனால் ஷிப்டுக்கு ஒரு தரம் அதன் அடி வால்வைத் திறந்து பத்து எண்ணி மூடுவோம். உள்ளே படிந்த கசடு போய்விடும். அங்கே லாக் புக்கில் எழுதுவது சூப்பர்வைசர். இங்கே நானே எழுதலாம்.

11.10. கை வைத்து ஆறு எண்ண முடிந்தது, அதற்குமேல் சூடு தாங்கவில்லை. நான்கு விளக்கும் பச்சை. அணைத்தேன். பத்து எண்ணினேன். போட்டேன். முதலில் சிவப்பு மினுக்கியது. மூன்று நிமிடத்தில் எல்லாம் பச்சை.

எழுதிவிட்டு மூன்று தரம் படித்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

11.25. ஆறு எண்ணினேன். அணைத்துப் போட்டேன். பச்சை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

10.50. ஐந்துதான் எண்ண முடிந்தது. அணைத்துப் போட்டேன். பச்சை.

11 மணிக்குச் சுகந்தி காதில் மாட்டும் கருவியோடு ஹாலுக்கு வந்தாள். மோடத்தைப் பார்த்தாள்.

"மாமா, கரண்டு போச்சுங்களா?"

"இல்லியே அம்மிணி. இருக்குதே."

ஃபேனை நிமிர்ந்து பார்த்தாள். சுற்றியது. உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

11.40. அணைத்துப் போட்டேன். பச்சை.

சாயங்காலம் வகுப்பில் ரெஜினா டீச்சர் நோட்டைப் பார்த்தார். நேரம் போட்டு எழுதுகிறவர் இந்த வகுப்பிலேயே நீங்கள் ஒருவர்தான் என்றார். பக்கத்திலிருந்த பொன்னாத்தாள் தன் நோட்டை மூடிவைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

11.15. நான்குதான் எண்ண முடிந்தது. அணைத்துப் போட்டேன். பச்சை.

நேற்று ஞாயிறு, பட்டறை வழக்கப்படி லீவு விட்டேன். அதனால்தான் சூடு ஏறிவிட்டது போலிருக்கிறது. நாளையிலிருந்து மத்தியான ஷிப்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

11.05. அணைத்துப் போட்டேன். பச்சை.
3.40. அணைத்துப் போட்டேன். பச்சை.

சுகந்தி நெட் கம்பெனிக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. பேசியது ஒரு பெண்.

"சொந்த ரவுட்டர் வெச்சிருக்கீங்களா மேடம்?"

"ஆமாங்க."

"அப்ப அதுலதான் பிரச்சினை மேடம். எங்க சைடு எல்லாம் கரெக்டா இருக்கு."

"பாக்காமயே எப்படிங்க சொல்றீங்க?"

"எங்க மோடம் எங்களுக்குத் தெரியும் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

இரண்டு வாரமாக நன்றாக ஓடிய நெட் இப்போது பேச்சின் நடுவே அறுந்துபோகிறதாம். தாமு வந்ததும் சொன்னாள். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றான். வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடச் சாப்பிட்டான்.

இரண்டு வாரம் என்று தவறாக எழுதிவிட்டேன். ரவுட்டர் வந்தே எட்டு நாள்தான் ஆகிறது. அடிக்க மனம் வரவில்லை, அந்த வரி அழகாக வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

1.10. காலையில் மறந்துவிட்டேன். சுகந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அணைத்துப் போட்டேன். பச்சை.
4.20. அணைத்துப் போட்டேன். பச்சை.

ஆகஸ்ட் 14, வியாழன்

11.00. 3.30. இரண்டு தரமும் அணைத்துப் போட்டேன். பச்சை.

தாமு மத்தியானம் சாப்பிட வந்தான். ஹாட்பாக்ஸைத் திறந்து சோற்றைத் தொட்டுப் பார்த்தான். மூடினான். மறுபடி திறந்தான். பின்கட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சுகந்தி யாருக்கோ, "வெறும் வயித்துல வாங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினார்கள். கரும்பலகையில் என்னை 'சுதந்திர தினம்' என்று எழுதச் சொன்னார் டீச்சர். எழுதினேன். கை தட்டினார்கள். வீட்டுக்கு ஓடி வந்தேன், ஷிப்டு தவறிவிடக் கூடாதே.

11.50. 4.00. அணைத்துப் போட்டேன். பச்சை.

ஆகஸ்ட் 16, சனி

11.10. 3.55. அணைத்துப் போட்டேன். பச்சை.

நான்கு மணிக்குச் சுகந்தி எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்காருகிறவள் அல்ல.

"என்னம்மிணி?"

"பதினாலு தரம் கட்டாயிருக்குது மாமா, பேசிட்டிருக்கறப்பவே. இப்பக்கூட, ஒரு கொழந்தைக்குக் காய்ச்சல்னு அதோட அம்மா அழுதுட்டே பேசுது. பாதியில போயிருச்சு."

"அடடா."

"எங்க மேடம் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. காரணம் என்னன்னு ஆதாரத்தோட முப்பதாந்தேதிக்குள்ள காட்டோணும். இல்லைன்னா நிரந்தரம் பண்ண மாட்டாங்க. வீட்டுக்குப் போன்னுருவாங்க. வீட்டுலயேதான் இருக்கறேன், எங்க போறது?"

சிரித்தாள். சிரிப்பு நன்றாக இல்லை.

கல்யாணமாகி எட்டு வருடம் அவள் இந்த வீட்டில் சமைத்தாள், துவைத்தாள். பி.காம். படித்தவள். இந்த வேலைக்கு எழுதிப்போட்டதை, ஆர்டர் வந்தபிறகுதான் எங்களிடம் சொன்னாள்.

"இதுவும் போச்சுன்னா, அப்பறம் நான் வாயே தொறக்க முடியாதுங்க மாமா. பாத்தியா, உன்னால முடியலன்னு ஒரே பேச்சுல முடிஞ்சுரும்" என்றாள். யார் சொல்வார்கள் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

"நீ அந்தப் பெட்டியப் பாத்துக்க. இந்தப் பெட்டியப் பத்திக் கவலையே படாத. இதை நான் பாத்துக்கறேன்" என்று தைரியம் சொன்னேன்.

"உங்களுக்கு இருக்கற அக்கறை..." என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அவள் போனபிறகு மனம் கேட்கவில்லை. என்னால் முடிந்தது இது ஒன்றுதான். திங்கள்கிழமையிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று தரம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

10.40. 1.50. 4.15. அணைத்துப் போட்டேன். பச்சை. இப்போது கை வைத்து எட்டு எண்ண முடிகிறது. வேலை செய்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

10.30. 2.10. 4.40. அணைத்துப் போட்டேன். பச்சை.

ஜெயபால் மறுபடி வந்தார். மோடத்தைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், ரவுட்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"எங்க லைட்டெல்லாம் பச்சைங்க. உங்க ரவுட்டரக் கழட்டிப்போட்டு எங்க மோடத்தையே முன்ன மாதிரி போட்டுக்கலாம். அப்பத் தகராறு வராது."

"அப்ப பின்கட்டுக்கு எட்டாதுங்களே" என்றாள் சுகந்தி.

"நீங்க ஹாலுக்கு வந்துருங்."

மோடத்தில் ஒரு பொட்டுத் தூசு இல்லை, இப்படி வைத்திருக்கிற வீட்டை நான் பார்த்ததில்லை என்று ஜெயபால் என்னிடம் சொன்னார். முப்பத்தெட்டு வருடத்தில் பட்டறையில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

11.20. 2.00. 4.10. அணைத்துப் போட்டேன். பச்சை.

சுகந்தி புது வயர் வாங்கிவந்து தானே மாற்றினாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

10.45. 1.40. 4.25. அணைத்துப் போட்டேன். பச்சை.

புது வயராலும் பலன் இல்லையாம். கம்பெனியில் இன்னும் ஒன்பது நாள்தான் என்று நினைவூட்டினார்களாம். தாமு, ரவுட்டரைத் திருப்பி அனுப்பினால் எடுத்துக்கொள்வார்களா என்று விசாரித்து வைத்திருக்கிறான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

11.10. 2.20. 4.05. அணைத்துப் போட்டேன். பச்சை.

ஆறு மணிக்கு வேலை முடிந்து சுகந்தி வந்தாள். நான் பச்சைக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். அவளும் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டாள்.

"மாமா, ஒண்ணு கண்டுபுடிச்சேன். இந்த ரவுட்டரு தானா எழுதி வெக்குதுங்க. எந்நேரத்துக்கு நெட்டு போச்சு, எந்நேரத்துக்கு வந்துச்சுன்னு. போன்ல பாத்துக்கலாம். பத்து நாளா இது தெரியாமக் கெடந்திருக்கறேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னைப் போலவே எழுதி வைக்கிற இன்னொரு ஆள் வீட்டில் இருக்கிறது.

"என்ன எழுதியிருக்குது? படி பாக்கலாம்."

"இன்னைக்குப் பாருங்க. பதினொண்ணு பத்து. ரெண்டு இருவது. நாலு அஞ்சு. நேத்து பத்தே முக்கா. ஒண்ணு நாப்பது. நாலு இருபத்தஞ்சு. அறுந்தா சரியா மூணு நிமிசம். மூணு நிமிசம் கழிச்சுத் தானா வந்துருது. கம்பத்துல ஏதோ இருக்குதுங்க மாமா."

கடலைக்காய் உரித்தேன். ஒரு படி இருக்கும்.

ஆகஸ்ட் 23, சனி

இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மோடத்தைத் தொடவில்லை. நேற்றும் தொடவில்லை. நேற்று ஒரு தரம்கூட நெட் போகவில்லை என்று சுகந்தி சொன்னாள். சாமி கண் திறந்துவிட்டது என்றாள். ஆனால் போனது போனதுதான், காரணம் தெரியாமல் எதைக் காட்டுவது என்றும் சொன்னாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

தாமு வேலைக்குக் கிளம்பும்போது அவனை நிறுத்தி, நோட்டைக் காட்டிச் சொன்னேன். இரண்டு பக்கம் புரட்டினான். போய் ஹால் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அவகிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல. உன்கிட்டத்தான் மொதல்ல."

"சொல்ல வேண்டாம்."

"ஆதாரம் கேக்கறாங்களாமே தாமு. இது ஆதாரந்தான?"

"ஆதாரந்தான். அதுனாலதான் சொல்றேன். இனிமேப்பட்டு நீங்க தொடாதீங்க, முடிஞ்சுது."

"அவ வேலை?"

"போனாப் போகுது. நாலு மாசம் முந்தி இந்த வேலை இருந்துச்சா? நம்ம குடும்பம் நடக்கலையா? அப்பச் சோறு சூடா இருந்துச்சா இல்லியா, நீங்களே சொல்லுங்க."

"சூடாத்தான் இருந்துச்சு."

"அப்பறம் என்ன? இந்தப் பக்கத்தையெல்லாம் கிழிச்சுப் போடுங்க. வெளிய தெரிஞ்சா உங்க பேருதான் கெடும். நான் புது நோட்டு வாங்கித் தாரேன், பெரிய நோட்டா."

நல்ல மகன். என் பேர் கெடக் கூடாது என்றுதான் சொல்கிறான். அவனே அப்படிச் சொன்னான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கிழிக்க உட்கார்ந்தேன். கிழிக்கவில்லை.

டீச்சர் பழைய கதை வேண்டாம் என்றார். இன்று ஒரு நாள் மட்டும் எழுதிக்கொள்கிறேன். பதினாறு வருடம் முன்பு பட்டறையில் சும்மா இருந்த பாய்லரின் அடி வால்வு இறுகிப்போனது. திறக்க முடியவில்லை என்று சூப்பர்வைசரிடம் மூன்று நாள் சொன்னேன். நான்காம் நாள் அந்தப் பாய்லரை ஓடவிட்டார்கள். டியூப் வெடித்தது. விறகு போடும் வெள்ளியங்கிரிக்கு வலது கை முழங்கை வரை வெந்துபோனது. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், நான் மூன்று நாள் சொன்னேன் என்றேன். அவர் லாக் புக்கை என் பக்கம் திருப்பி, எங்கே இருக்கிறது காட்டு என்றார். பார்த்தேன். அதில் எனக்கு அடையாளம் தெரிந்தது ஒரு காபிக் கறை மட்டும். மூன்று நாளும் 'சரி' என்று எழுதியிருந்ததாம். எனக்கு ஆறு மாதம் வேலை இல்லை. வெள்ளியங்கிரிக்கு அதன் பிறகு வேலையே இல்லை.

இப்போது நான் எழுதியதை நானே படிக்கிறேன். எல்லா நேரமும் இருக்கிறது. என் கையெழுத்துதான்.

பயமாகவும் இருக்கிறது. சுகந்தி என்ன சொல்வாள் என்பதல்ல. ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. சுகந்திக்கு லீவு. தாமு கோயிலுக்குப் போயிருந்தான். கொழுக்கட்டையை இட்லிச் சட்டியில் வைத்துவிட்டு அவள் கை கழுவும்போது நோட்டைக் கொடுத்தேன்.

"என்னங்க மாமா, டீச்சர் கையெழுத்துக் கேட்டாங்களா?"

"படி."

அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று படித்தாள். ஆறாம் தேதியில் கொஞ்சம் சிரித்தாள். எட்டாம் தேதியில் சிரிப்பு நின்றது. போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஒரு விரல் நோட்டில், ஒரு விரல் போனில். நான் வாசற்படியில் நின்றேன். உட்காரத் தோன்றவில்லை. கொழுக்கட்டை வெந்து, மேலும் வெந்து, அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அவள் அடுப்பை அணைக்கவில்லை. நானே போய் அணைத்தேன். அணைத்தபின், இதைச் செய்திருக்க வேண்டாமோ என்று இருந்தது.

"முப்பது" என்றாள். "ரவுட்டர்ல முப்பது. இதுலயும் முப்பது. நிமிசம்கூட மாறலை."

"உள்ளதத்தான எழுதோணும்."

"ஏனுங்க மாமா, ஒரு வார்த்தை... நான் உங்ககிட்ட வந்து கேட்டனே."

"கரண்டு போச்சான்னுதான் கேட்ட அம்மிணி."

அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் தரையைப் பார்த்தேன்.

"இதுக்கு வேலையே இல்லைன்னு ஜெயபால் சொன்னாரு. சும்மா இருக்கறத அணைச்சா உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனைச்சேன்."

"நெட்டு எல்லாம் அது வழியாத்தானுங்க வருது. சும்மா இருக்கறது இல்லீங்க அது. சத்தம் போடாம இருக்குது, அவ்வளவுதான்."

பக்கத்தைப் புரட்டினாள்.

"இருபத்தி மூணாந்தேதி எழுத ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கறீங்க."

"ஆமா."

"இருந்துச்சு மாமா."

"இருந்துச்சு" என்று ஒப்புக்கொண்டேன்.

அதன்பிறகு அடுத்த பக்கத்துக்குப் போனாள். இருபத்தைந்தாம் தேதி. அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தாள். அப்போது விரல் போனில் இல்லை.

"அந்தப் பக்கத்துல மோடத்தப் பத்தி ஒண்ணும் இல்லியே அம்மிணி" என்றேன்.

"ஆமாங்க மாமா. சோத்தப் பத்தித்தான் இருக்குது."

நோட்டைக் கொடுக்கும்போது அந்தப் பக்கம் எனக்கு நினைவில் இல்லை. இதையும் எழுதிவிடுகிறேன். நினைவில் இல்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

சுகந்தி ஆறாம் தேதியிலிருந்து இருபத்திரண்டாம் தேதி வரை எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்தாள். ரவுட்டர் எழுதியதையும் சேர்த்துக் கோயமுத்தூருக்கு அனுப்பினாள். இருபத்தைந்தாம் தேதியைப் படம் எடுத்தாளா என்று தெரியாது.

தாமுவும் அவளும் அறைக்குள் பேசினார்கள். நான் நடந்துவிட்டு வரலாம் என்று போனேன். ஆற்றின் மேலிருக்கும் வளம் பாலம் வரை போய்விட்டேன். அவ்வளவு தூரம் நடக்க வேண்டிய அவசியம் இல்லை. திரும்பி வந்தபோது தாமு சாதத்தைச் சுடவைக்க அடுப்பின் முன் நின்றுகொண்டிருந்தான். தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டான். எட்டு வருடமாக அது ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஒரு தகவலும் இல்லை. காபி வந்தது. சர்க்கரை சரியாக இருந்தது. அதுவரை எனக்குச் சந்தேகம்.

ஆகஸ்ட் 30, சனி

பதினொரு மணிக்குச் சுகந்தி என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டரில் நான்கு பேர் தனித்தனிச் சதுரத்தில் இருந்தார்கள். நடுவில் கண்ணாடி போட்ட அம்மா. நித்யகல்யாணி மேடம் என்று சுகந்தி முன்பே சொல்லியிருந்தாள்.

"வணக்கம் ஐயா. இந்த நோட்டு நீங்க எழுதினதா? வேற யாராவது எழுதித் தந்தாங்களா?"

"நானே எழுதினதுங்க."

"தப்பா நினைக்காதீங்க. வேலையக் காப்பாத்தறதுக்காகப் பலரும் பலதும் கொண்டு வருவாங்க. பத்தொன்பதாம் தேதிய வாசிங்க, கேக்கறேன்."

வாசித்தேன். என் வகுப்புக்கு வெளியே, முன்பின் தெரியாதவர்களுக்கு நான் வாசித்தது இதுவே முதல் தடவை. ஒவ்வோர் எழுத்தாகத்தான் வந்தது. ஜெயபால் என் மோடத்தைப் பாராட்டிய இடத்தில் ஒரு சதுரத்தில் இருந்தவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. பட்டறையில் யாரும் சொன்னதில்லை என்ற வரி வரை வாசித்தேன்.

மேடம் கையிலிருந்த தாளைப் புரட்டினார்.

"பதினாறாம் தேதி ஒரு குழந்தைக்குக் காய்ச்சல்னு கால் வந்திருக்கு. அது கட்டானதும் நீங்கதானா?"

"நான்தானுங்க."

"அந்தம்மா மறுபடி கூப்பிட்டுட்டாங்க. குழந்தை நல்லா இருக்கு. தெரிஞ்சுக்கங்க."

அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் சுகந்தியிடம் ஆங்கிலத்தில் பேசினார். எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல், மோடம். சுகந்தியின் கை மேஜைக்கு அடியில் சேலை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் முறுக்குவது நின்றது. நிரந்தரம் செய்துவிட்டார்கள்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மோடமும் ரவுட்டரும் அவள் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது.

தாமு வந்ததும் சுகந்தி அவனிடம் சொன்னாள். மோடம் அறைக்குள் வர வேண்டும், நெட் இணைப்பும் வேலை செய்கிறவர் பேருக்கு மாற வேண்டும், இரண்டும் கம்பெனி விதி என்றாள்.

இரண்டாவதை அந்த மேடம் தமிழில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம்.

"அப்பா, நீங்களும் கூட இருந்தீங்கல்ல? அப்படியா சொன்னாங்க?" என்று தாமு கேட்டான்.

"எனக்குக் காது அத்தனை சுகமில்லை தாமு" என்றேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஜெயபால் வந்து மோடத்தைப் பலகையிலிருந்து எடுத்தார். "உங்க கூட்டாளியப் பிரிக்கறனுங்கய்யா" என்றார். கம்பத்து வயரை நீட்டிப் பின்கட்டு வரை கொண்டுபோனார். பலகையில் சதுரமாக ஒரு வெளிர் தடம் இருக்கிறது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. பின்கட்டுக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள், உள்பக்கமாக.

பிறகு ஜெயபால் ஒரு படிவத்தை எடுத்து டீப்பாயில் விரித்தார். எனக்கு ஆட்சேபணை இல்லை, இணைப்பை என் மனைவி பேருக்கு மாற்றித் தருகிறேன் என்று தமிழில் இருந்தது. தாமு படிப்பதற்குள் நான் படித்துவிட்டேன். அவனுக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. நிறைய நேரம் எடுத்துக்கொண்டான்.

"பேருல என்ன இருக்குது. எவம் பேருல இருந்தா என்ன, எல்லாம் ஒரே ஊடுதான" என்றான்.

"அதையேதானுங்க நானும் சொல்றேன்" என்றாள் சுகந்தி.

தாமு பேனாவை வைத்தான். எழுதவில்லை என்றான். ஜெயபால் தன் பேனாவைக் கொடுத்தார். இதுவும் சரியாக எழுதவில்லை என்றான். நான் என் நோட்டுக்குள்ளிருந்து என் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். எழுதியது.

"கீழ குடும்பத்துல ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடோணும்ங்" என்றார் ஜெயபால். என் கைநாட்டு வாங்க மை டப்பாவுக்காகப் பையைத் துழாவினார். வேண்டாம் என்று கை காட்டினாள் சுகந்தி. படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

சென்னியப்பன். ஏழெழுத்து. ஜெயபாலுக்கு இன்னும் இரண்டு வீடு போக வேண்டியிருந்தது. சுகந்திக்கு ஷிப்டு தொடங்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. தாமு எழுந்து நின்றுவிட்டான். நான் அவசரப்படவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள்.